கணிப்பொறித் திரையில் தமிழ்: கண்ணுக்கும் காதுக்கும்

ஆனையூர் என்பது, 2011-ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட எங்கள் ஊரின் பெயர். இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது எழுத்தாகிய ‘னை’யில், ‘ன’வுக்கு முன்னால் ஐகாரக் கொம்பு தனியே நிற்கிறது. உங்கள் வீட்டில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தால், இதே பெயரை அவரையும் எழுதச் சொல்லுங்கள். பழைய பழக்கத்தை விடாதவராயின் அவர், யானையின் துதிக்கை போன்ற ஒரு வளைவை ‘ன’வுடன் சேர்த்தே எழுதுவார். ஆனையின் பெயரிலேயே ஒரு துதிக்கை! பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்றுத் தமிழக அரசு 1978-ஆம் ஆண்டில் ஆணையிட்டது. அப்போது ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், ணா, றா, னா முதலிய ஒன்பதும் புதிய உருவம் பெற்றன. எங்கள் ஊரும் தன் துதிக்கையை இழந்தது.

ஊர் அதுவே, ஒலி அதுவே. எழுத்தின் உருவம் மட்டுமே மாறியது. அப்படியானால் எழுத்து என்பது யாது? நாம் கண்ணால் காணும் உருவமா, அல்லது அவ்வுருவத்துக்குப் பின்னால் நிற்கும் வேறொன்றா? இலக்கண வகுப்பில் மட்டும் எழும் ஐயம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். கணிப்பொறிக்குத் தமிழ் கற்பித்த நாளில் இக்கேள்விக்கு நாம் எழுதிய முதல் விடை தவறாக அமைந்தது. அதனால் பல ஆண்டுகள், வலையில் ஏறிய தமிழில் பெரும்பகுதி பார்வையுள்ளோருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அந்த விடையை எவ்வாறு எழுதினோம், எவ்வாறு திருத்தினோம் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

நகராத விசை

கதை டைப்ரைட்டரில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் அமைத்த எழுத்துப் பொறியை ரெமிங்டன் கம்பெனி 1874-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அவை அடங்கிவிடும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இத்தனைக்கும் தனித்தனி விசை வைத்தால் விசைப்பலகை சாப்பாட்டு மேசை அளவு இருக்கும்!

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ல் பிறந்து, சிங்கப்பூருக்குப் பிழைக்கச் சென்ற ஆர். முத்தையா இச்சிக்கலைத் தீர்க்க முயன்று வெற்றி கண்டார். தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை என்று அவரைப் போற்றுகிறோம். தீர்வின் சாரம் இதுதான்: எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துவிடுவது. கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. சில விசைகளை அழுத்தினால் குறி தாளில் பதியும். ஆனால் தாளைச் சுமக்கும் வண்டி நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து விழுந்து குறியோடு சேர்ந்துகொள்ளும். மதுரையின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் லோயர், ஹையர் தேர்வுகளுக்காக விடியற்காலையில் தட்டிப் பழகிய தலைமுறையினர் இந்த ‘நகராத விசை’களை மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். டைப்ரைட்டருக்கு ‘கொ’ என்ற எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு கொம்பு, ஒரு ‘க’, ஒரு கால் என்ற மூன்று உருவங்களை வரிசையாகத் தாளில் குத்துகிறது, அவ்வளவே. அதில் குற்றம் ஏதுமில்லை. தாள் கண்ணுக்காகவே உள்ளது. கண் அம்மூன்றையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும்.

எண்ணாக மாறிய எழுத்து

கணிப்பொறி தாளைப் போன்றதன்று. அது எண்களை மட்டுமே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த ஒப்பந்தம் அமெரிக்காவில் 1963-ஆம் ஆண்டில் உருவானது. ‘ஆஸ்கி’ என்பது அதன் பெயர். ஏழு இருமக் குறிகளைக் கொண்டு 128 இடங்கள். பின்னர் எட்டாவது குறியையும் சேர்த்து 256 இடங்கள் ஆயின. முதல் 128-ஐ ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. எஞ்சிய 128-ல் 247 தமிழ் எழுத்துகளை எப்படி அடக்குவது?

பலர் பல வழி கண்டனர். அவற்றுள் மிகவும் எளிய வழி, எண்ணை மாற்றாமல் உருவத்தை மட்டும் மாற்றிவிடுவது. ஆங்கில ‘ஜே’க்கு உரிய எண் அப்படியே இருக்கட்டும், திரையில் அந்த எண்ணுக்கு ‘த’ என்ற படத்தை வரைந்துவிடலாம். இவ்வாறு உருவானவையே பழைய தமிழ் எழுத்துருக்கள். ஈழத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருவழக்காக இருந்த ‘பாமினி’ எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று எழுத நீங்கள் தட்ட வேண்டியவை: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரையில் ‘தமிழ்’ என்றே தெரியும். கணிப்பொறியின் நினைவகத்திலோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து ஆங்கிலக் குறிகளே இருக்கும்.

அதாவது டைப்ரைட்டரின் தத்துவத்தையே கணிப்பொறிக்குள் கொண்டுவந்து வைத்தோம். இதைச் செய்தவர்களை நான் குறை கூற மாட்டேன். அவர்கள் இல்லையேல் தமிழ் அச்சகங்கள் கணிப்பொறிக்கு மாறியிருக்கவே முடியாது. கல்யாணப் பத்திரிகைக்கும் சுவரொட்டிக்கும் அந்த வித்தை போதும். ஆனால் எழுத்து தாளில் ஏறி நின்றுவிடாமல், ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குப் பயணம் செய்யத் தொடங்கியபோது சிக்கல் வெளிப்பட்டது.

உலகளாவிய வலை, 1989-ஆம் ஆண்டில் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்வைத்த ஒரு திட்டத்திலிருந்து பிறந்தது. (இயற்பியலார் தங்கள் ஆய்வுக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு அது என்பதில், இயற்பியல் கற்பிக்கும் எனக்குச் சிறிது பெருமை உண்டு, பொறுத்தருள்க.) சில ஆண்டுகளிலேயே தமிழும் அதில் ஏறிவிட்டது. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் வலையேற்றிய முயற்சியில் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கி வளர்த்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சூரிய மின்கலங்களை ஆராய்ந்துவந்த வேதியியலார் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவை அமைத்தார். 1998 பொங்கல் நாளில், பழந்தமிழ் நூல்களை யாவரும் இலவசமாகப் பெறும்படி வலையேற்றும் பணியை அவர் நண்பர்களுடன் தொடங்கினார். சங்கம் வளர்த்த ஊரின் நினைவாக அதற்கு ‘மதுரைத் திட்டம்’ என்று பெயர். முதல் நூல் திருக்குறள்.

ஆயினும் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண் வரிசை. ஒரு நாளிதழின் பக்கத்தைப் படிக்க அந்த நாளிதழின் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும்; அடுத்த இதழுக்கு அடுத்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அதே பக்கத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குப்பையும் கேள்விக்குறிகளுமே தெரியும். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, அந்தக் குப்பையைப் பார்த்துவிட்டு எழுந்து வந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

சென்னையில் கூடிய மாநாடு

வேறு வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி, ‘திஸ்கி’ எனப்படும் பொதுவான குறியேற்ற முறையை 1990-களின் இறுதியில் வகுத்தனர். மதுரைத் திட்டமும் அம்முறையை ஏற்றது. 1997-ல் நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் கூட்டிய மாநாட்டைத் தொடர்ந்து, 1999 பிப்ரவரியில் தமிழக அரசு சென்னையில் ‘தமிழ்நெட் 99’ என்ற மாநாட்டைக் கூட்டியது. அங்கிருந்து ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு குறியேற்ற முறைகளும், ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகையும் கிடைத்தன. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார்.

குறியேற்ற முறைகளைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அவை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் தமிழ் 99 விசைப்பலகையைப் பற்றி நின்று நிதானமாகப் பேச வேண்டும். ஏனெனில் அது மனிதனின் கையையும் தமிழின் இயல்பையும் பார்த்து அமைக்கப்பட்டது.

அதில் உயிரெழுத்துகள் அனைத்தும் இடக்கைப் பக்கம். மெய்கள் வலக்கைப் பக்கம். 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம் ஆக 31 எழுத்துகளுக்கு மட்டுமே விசைகள். மற்றவற்றைப் பொறி தானே கூட்டிக்கொள்ளும். விரல்கள் இயல்பாகத் தங்கும் நடு வரிசையில் இடப்புறம் அ, இ, உ, எ. வலப்புறம் க, ப, ம, த, ந, ய. தமிழில் அடிக்கடி வரும் எழுத்துகள் இவை என்பதை எந்தப் பக்கத்தையும் எடுத்து எண்ணிப் பார்த்து நீங்களே சோதிக்கலாம். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டல்கள். ஒரே மெய் இரு முறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தேவை என்பது தமிழ் அறிந்த எவருக்கும் தெரியும். ஆகவே பொறியும் அதை அறிந்து தானே புள்ளி இடுகிறது. ‘பந்து’ என்பதற்கு ப, ந, த, உ. நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் அது ‘ந்த’வாகத்தான் இருக்கும் என்ற இன எழுத்து விதி, ஆறாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்திலிருந்து விசைப்பலகைக்குள் குடியேறிவிட்டது! டைப்ரைட்டரில் மனிதன் பொறியின் போக்குக்கு வளைந்தான். இங்கே பொறி மொழியின் போக்குக்கு வளைகிறது.

இப்படி, பயன்படுத்துபவரை நடுவில் வைத்துப் பொருளை வடிவமைக்கும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் சில, தரையிறங்கிய பின் ஓடுபாதையிலேயே சக்கரம் மடங்கிக் கவிழ்ந்தன. விமானியின் கவனக்குறைவு என்றே முதலில் எழுதி வைத்தார்கள். ஆல்ஃபான்ஸ் சாபானிஸ் என்ற இளம் உளவியலார் விமானி அறைக்குள் சென்று பார்த்தபோது, சக்கரத்துக்கான கைப்பிடியும் இறக்கை மடிப்புக்கான கைப்பிடியும் ஒரே மாதிரியாக, அருகருகே இருக்கக் கண்டார். ஒன்றின் நுனியில் சிறிய ரப்பர்ச் சக்கரமும், மற்றதன் நுனியில் ஆப்பு போன்ற வடிவமும் பொருத்தச் செய்தார். கண்ணால் பாராமலே கை இனம் கண்டுகொண்டது. இச்சிந்தனையின் வழித்தோன்றலாக, 1998-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தர நிறுவனம் ‘பயன்படு எளிமை’க்கு ஓர் இலக்கணம் வகுத்தது. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட சூழலில், தம் வேலையைச் சரியாக முடிக்க முடிகிறதா, குறைந்த முயற்சியில் முடிக்க முடிகிறதா, மனநிறைவோடு முடிக்க முடிகிறதா என்பதே அதன் உட்பொருள். ‘குறிப்பிட்ட பயனர்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் உள்ளது. யாரை மனத்தில் வைத்து அளக்கிறோம்?

சார், இது தமிழா இங்கிலீஷா?

எங்கள் கல்லூரியில் வரலாறு படித்த பார்வையற்ற மாணவர் ஒருவர், ஒரு நாள் தம் கைப்பேசியை என் காதருகே நீட்டினார். தேர்வுக்கான குறிப்பு என்று யாரோ அனுப்பிய கோப்பு அதில் இருந்தது. பக்கத்தைப் பார்த்தேன்; அழகான, பிழையற்ற தமிழ். ஆனால் கைப்பேசி உரத்த குரலில் படித்ததோ, “ஜே, கே, பி, ஓ…” என்று. “சார், இது தமிழா இங்கிலீஷா?” என்று கேட்டுச் சிரித்தார். தேர்வுக்கு நான்கு நாட்களே இருந்தன. அவர் வகுப்புத் தோழர் ஒருவர் இரண்டு இரவுகள் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து கொடுத்தார்.

என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். பார்வையற்றோர் கணிப்பொறியைக் கையாள ‘திரைவாசிப்பான்’ என்ற மென்பொருள் உதவுகிறது. மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலியர், தாமே பார்வையற்றவர், 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘என்.வி.டி.ஏ.’ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தமிழும் பேச வைக்கலாம். பெயர்தான் திரைவாசிப்பான், உண்மையில் அது திரையில் உள்ள படத்தைப் பார்ப்பதில்லை. படத்துக்குப் பின்னால் உள்ள எண்ணை எடுத்து, அந்த எண்ணுக்குரிய ஒலியை எழுப்புகிறது. எண் ‘ஜே’யினுடையது என்றால் ஒலியும் ‘ஜே’தான். கண்ணுக்குக் காட்டிய ‘த’ என்ற படம் காதுக்குப் பயன்படாது.

இடர் பார்வையற்றோருக்கு மட்டுமன்று. அத்தகைய பக்கத்தில் ‘மதுரை’ என்ற சொல்லைத் தேடினால் அகப்படாது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் போய் நிற்கும். ஆயினும் பார்வையுள்ளோருக்கு இவை தொல்லை. பார்வையற்றோருக்கு அடைத்த கதவு.

வியப்பு என்னவெனில், எழுத்து என்பது உருவமன்று என்ற சரியான விடையைப் பார்வையற்றோருக்கான எழுத்துமுறை எப்போதோ கண்டுவிட்டது. பிரான்சின் லூயி பிரெயில் (1809-1852) ஆறு புள்ளிகளைக் கொண்டு தடவிப் படிக்கும் எழுத்தை அமைத்தார். தமிழகத்தில் 1890-ஆம் ஆண்டிலேயே பாளையங்கோட்டையில் ஆஸ்குவித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். ஆனால் இந்தியாவில் மொழிக்கொரு முறை, பள்ளிக்கொரு முறை என்று பிரெயில் பலவாகக் கிளைத்துக் கிடந்தது. பிற்காலத்தில் நம் எழுத்துருக்கள் கிடந்த அதே கோலம்! யுனெஸ்கோவின் துணையுடன் கலந்தாய்வு நடந்து, 1951-ஆம் ஆண்டில் ‘பாரதி பிரெயில்’ என்ற பொது முறை ஏற்கப்பட்டது. இந்திய மொழிகள் அனைத்திலும் ஒரே ஒலிக்கு ஒரே புள்ளிக் கூட்டம் என்பது அதன் அடிப்படை. அதில் ‘கெ’ என்பதை எப்படி எழுதுகிறார்கள்? முதலில் ‘க’, அதன்பின் ‘எ’. கொம்பு முன்னால் வருவதில்லை. விரல் நுனிக்குக் கொம்பு எதற்கு? ஒலி எந்த வரிசையில் பிறக்கிறதோ அந்த வரிசையே போதும்.

கணிப்பொறி இதே வரிசைக்கு வந்து சேர மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்திய அரசின் மின்னணுத் துறை 1988-ல் வகுத்த ‘இஸ்கி’ முறையை அடியொற்றி, 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யூனிகோடு’ என்ற ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. உலக மொழிகள் யாவற்றுக்கும் தனித்தனி எண். ஒன்றின் வீட்டில் மற்றொன்று குடியிருக்க வேண்டியதில்லை. ‘கெ’ என்பது இங்கும் முதலில் ககரம், பிறகு எகரக் குறி என்றே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் தள்ளி வரைவது திரையின் பொறுப்பு. திஸ்கியிலோ டைப்ரைட்டர் வழக்கப்படி கொம்பு முன்னே, ககரம் பின்னே. எண் வேறு, உருவம் வேறு என்ற பிரிவினை ஒருங்குறியில்தான் தமிழுக்கு முழுமையாகக் கிடைத்தது.

இருப்பினும் 1991-ல் வந்த முறை மக்கள் கைக்கு உடனே வரவில்லை. விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே பரவலான கணிப்பொறிகளில் ஒருங்குறித் தமிழ் இயல்பாகத் தெரியலாயிற்று. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. மதுரைத் திட்டம் 2004 முதல் தன் நூல்களை ஒருங்குறியிலும் வெளியிட்டது. தமிழக அரசு, கோவையில் செம்மொழி மாநாடு கூடிய 2010 ஜூன் மாதத்தில், ஒருங்குறியையும் ‘டேஸ் 16’ என்ற முறையையும் தரமாக அறிவித்தது.

டேஸ் 16 பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ‘அம்மா’ என்ற மூன்றெழுத்துச் சொல், ஒருங்குறியில் அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து எண்களாகிறது. 247-க்கும் தனித்தனி எண் கொடுத்தால் மூன்றே எண்கள் போதும். கணக்கு என்ற அளவில் இது கவர்ச்சியான வாதம். நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் டேஸ் 16, ஒருங்குறியில் அவரவர் சொந்தப் பயனுக்கென விட்டுவைத்த பகுதியில் அமைந்தது. உலகத்துப் பொறிகள் அந்த எண்களைத் தமிழ் என்று தாமாக அறியமாட்டா. தரம் என்பது சிறந்த முறையைக் காட்டிலும், எல்லோரும் ஒப்புக்கொண்ட முறையாக இருப்பதே முக்கியம் என்பது என் துணிபு. பஞ்சாயத்தில் அளக்கும் மரக்கால் எது என்பதைவிட, ஊரெல்லாம் ஒரே மரக்கால் என்பதே பெரிது அல்லவா?

நிறமும் ஒளியும்

எழுத்து சரியான எண்ணாகிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கினார். அதன் வரிசையில் நிற்கும் முதியோரைப் பாருங்கள். அவர்கள் பார்வையற்றவர்கள் அல்லர், பார்வை மங்கியவர்கள். அவர்களுக்குத் திரைவாசிப்பான் வேண்டாம். எழுத்து பின்புலத்திலிருந்து பிரிந்து தெரிந்தால் போதும்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999 மே மாதத்தில் வலைப்பக்க அணுகுதிறனுக்கான முதல் நெறிமுறையையும், 2008 டிசம்பரில் அதன் இரண்டாம் பதிப்பையும் வெளியிட்டது. இப்பதிப்பில் வரும் ஒரு விதி இயற்பியல் மாணவர்களுக்கு விருந்து. எழுத்தின் ஒளிர்வுக்கும் பின்புலத்தின் ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்கிறது அது. விகிதம் காணும் முறை எளிது. இரண்டு ஒளிர்வுகளுடனும் 0.05-ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். தூய வெண்மையின் ஒளிர்வு 1. கருமையின் ஒளிர்வு 0. ஆகவே வெள்ளையில் கருப்புக்கு 1.05-ஐ 0.05-ஆல் வகுத்து 21. இதற்கு மேல் விகிதம் கிடையாது.

நிறங்களுக்கு? நம் கண் எல்லா நிறத்துக்கும் ஒரே அளவில் கூசுவதில்லை. பகலொளியில் அது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சைக்கே மிகுதியாக இசைகிறது. அதனால் கணக்கில் முழுப் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று பங்கு. மூன்றையும் கூட்டினால் 1. மஞ்சள் என்பது திரையில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. அதன் ஒளிர்வு 0.9278. வெள்ளைப் பின்புலத்தில் மஞ்சள் எழுத்தின் விகிதம் 1.05-ஐ 0.9778-ஆல் வகுக்க, 1.07 மட்டுமே! இருந்தும் இல்லாதது போலத்தான். வெள்ளையில் நீலம் 8.6, அதே நீலம் கருப்பின் மேல் 2.4. பச்சையின் மேல் சிவப்பு 2.9 ஆகிறது. அதோடு சிவப்பு பச்சை பிரித்தறிய இயலாதோரும் ஆண்களிடையே கணிசமாக உண்டு. மதுரைச் சுவரொட்டிகளில் மேற்படி சேர்க்கைகள் அனைத்தையும் ஒரே தெருவில் காணலாம். நாகரிகம் என்று கருதி வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்தைப் போடும் வலைப்பக்கங்களும் அவற்றுக்குச் சளைத்தவை அல்ல. 255 பங்கில் 118 பங்கு ஒளியுள்ள சாம்பல், வெள்ளையின் மேல் 4.5-ஐத் தாண்டிவிடும், 119 ஆனால் தாண்டாது.

இந்த 4.5 எங்கிருந்து வந்தது? இயல்பான பார்வைக்கு 3 போதும் என்று முந்தைய தரம் ஒன்று கூறியிருந்தது. சுமார் 80 வயதில் பலருக்குப் பார்வைக் கூர்மை 6/12 அளவுக்குக் குறைகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய ஒன்றரை மடங்கு வேண்டும் என்று கொண்டார்கள். மூன்றின் ஒன்றரை மடங்கு நாலரை. அதாவது, அந்த விதியின் ‘குறிப்பிட்ட பயனர்’ உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோதான்.

நெறிமுறையில் வேறு பலவும் உண்டு. படத்துக்குப் பதிலாகப் படிக்கத்தக்க சொல் இருக்க வேண்டும்; மவுஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே பக்கம் முழுவதும் உலவ முடிய வேண்டும் என்பன போன்றவை. இவற்றுள் முதல் விதியை நம் அலுவலகங்கள் இன்றும் அடிக்கடி மீறுகின்றன. கையெழுத்திட்ட சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து, பி.டி.எப். கோப்பாக வலையேற்றிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அது எழுத்தன்று, எழுத்தின் புகைப்படம். பாமினியிலாவது ‘ஜே, கே’ என்று ஏதோ கேட்டது. புகைப்படத்தில் அதுவும் கேட்காது; “படம்” என்று சொல்லிவிட்டுத் திரைவாசிப்பான் மௌனமாகிவிடும். அறிவிப்பின் கடைசித் தேதி அந்த மௌனத்துக்குள் கடந்து போகும்.

தயவிலிருந்து உரிமைக்கு

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இந்தியா 2007-ஆம் ஆண்டில் ஏற்றது. 2009-ல் மைய அரசின் வலைத்தளங்களுக்கான நெறிமுறைகள் வெளிவந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கட்டடப் படிகளைப் போலவே தகவல் தொடர்புக்கும் அணுகுதிறன் வேண்டும் என்றது. ஆனால் விதிகள் பலவும் அறிவுரைகளாகவே எழுதப்பட்டிருந்தன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டம் கட்டாயம் என்று கூறும் ஒன்றை விதிகள் வெறும் அறிவுரையாக்க முடியாது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்குமாறு அரசுக்கு ஆணையிட்டது.

அடுத்த வழக்கு வங்கிக் கணக்கு பற்றியது. இப்போது கணக்குத் தொடங்க வங்கிக்கே போக வேண்டியதில்லை; கைப்பேசியின் கேமரா முன் அமர்ந்தால் போதும். எதிரே இருப்பது உயிருள்ள மனிதரா, வெறும் புகைப்படமா என்று அறிய, மென்பொருள் “கண்ணைச் சிமிட்டுங்கள்” என்று கேட்கும். அமில வீச்சினால் முகமும் கண்ணிமைகளும் சிதைந்தவர்கள் என்ன செய்வார்கள்? பார்வையற்றவர், முகத்தைச் சட்டத்துக்குள் எப்படிப் பொருத்துவார்? அவர்களே வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், கணிப்பொறி வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழும் உரிமையின் பகுதியே என்று கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. ஒருவர் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்கக் கண் சிமிட்டுவதைத் தவிர வேறு வழிகளும் இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.